பனிக்கால மக்கர்: எதை முதலில் பார்ப்பது, எப்போது ஆளைக் கூப்பிடுவது

ஊட்டியில் சில விடுதிகளுக்கும் அவற்றின் வண்டிகளுக்கும் பராமரிப்பு வேலை பார்க்கிறேன். நவம்பரில் நீர்ப்பனி விழ ஆரம்பித்தால் போனும் வர ஆரம்பித்துவிடும், பிப்ரவரி முடியும்வரை ஓயாது. கண்ணாடி மங்குகிறது, செல்ஃப் எடுக்கவில்லை, மழையே இல்லாமல் கூரை சொட்டுகிறது, நேற்றுவரை பச்சையாக இருந்த செடி கருகிவிட்டது. ஆட்கள்தான் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. இவற்றில் பெரும்பாலானவற்றைக் காசு செலவில்லாமல் சரிசெய்யலாம். ஆனால் பலர் செலவான இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஏசி கேஸ் அடிக்கிறார்கள், புது பேட்டரி வாங்குகிறார்கள், கூரைத் தகரத்தையே மாற்றிவிடுகிறார்கள். அந்தச் செலவைத் தடுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஈரக்காற்று தன்னைவிடக் குளிர்ந்த பொருள்மேல் பட்டால் அங்கே நீர் கோக்கும், அது நீர்ப்பனி. அந்தப் பொருள் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போயிருந்தால் உறைபனி. காற்றே குளிர்ந்து அதிலுள்ள ஈரம் துளித்துளியாக மிதந்தால் மூடுபனி. ஆகவே எந்த மக்கரானாலும் முதல் கேள்வி இதுதான்: நீர் எந்தப் பக்கம் இருக்கிறது? விரலால் தொட்டுப் பாருங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

## ஓடும்போது முன்கண்ணாடி மங்குகிறது

வண்டியை ஓரம்கட்டி, கண்ணாடியின் உள்பக்கம் ஒரு விரலை இழுங்கள். கோடு விழுந்தால் நீர் உள்ளே இருக்கிறது. விழவில்லையென்றால் வைப்பரை ஒருமுறை போடுங்கள். துடைபட்டால் வெளியே இருக்கிறது. இரண்டுக்கும் மருந்து நேரெதிர்.

### நீர் உள்பக்கம் என்றால்

முதலில் ரீசர்குலேஷன் பட்டன். வண்டிக்குள் காற்று சுற்றிச்சுற்றி வருவது போன்ற படம் போட்ட பட்டன் அது. அதை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஐந்து பேர் மூச்சுவிடும் வண்டியில் அந்த ஈரம் போக வேறு வழி கிடையாது. நான் பார்க்கும் வண்டிகளில் அதிகமாகக் காரணமாக இருப்பது இதுதான்.

அடுத்து ஏசி. குளிரில் ஏசி எதற்கு என்று அணைத்து வைத்திருப்பார்கள். மலை ஏறி வருகிறவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: ஏசியின் வேலை குளிரவைப்பது மட்டுமல்ல, காற்றில் இருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியே விடுவதும்தான். ஏசியைப் போடுங்கள், வெப்பநிலைத் திருகை சிவப்புப் பக்கம் திருப்புங்கள், காற்றை முன்கண்ணாடிக்கு விடுங்கள். உலர்ந்த சூடான காற்று பட்டதும் டேஷ்போர்டை ஒட்டிய கீழ் விளிம்பிலிருந்து கண்ணாடி தெளிந்துகொண்டே மேலே போகும். ஏசி இல்லாத வண்டியில் இரண்டு பக்க ஜன்னலையும் விரல் நுழையும் அளவுக்கு இறக்கினாலே போதும்.

பிறகு கால்மிதி. மிதியடியைத் தூக்கி அடியில் உள்ள கார்ப்பெட்டைக் கையால் அழுத்துங்கள். நனைந்திருந்தால் நீங்கள் எவ்வளவு துடைத்தாலும் அந்த ஈரம் இரவெல்லாம் எழும்பி காலையில் கண்ணாடியில் நிற்கும். மிதியடிகளை வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். ஈரக் குடை, ஸ்வெட்டர், ஷூ எதையும் இரவில் வண்டிக்குள் விடாதீர்கள்.

கண்ணாடியின் அழுக்கு. உள்பக்கத்தை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டால் பலருக்கும் நினைவிருக்காது. சிகரெட் புகையும் டேஷ்போர்டு பாலிஷும் படிந்த கண்ணாடியில் நீர் சீக்கிரம் கோக்கும். துளி சோப்பு கலந்த தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பருத்தித் துணியால் இன்னொருமுறை துடைக்க வேண்டும்.

கேபின் ஃபில்டர். காற்று பலவீனமாக வந்தால் இதைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் இடப்பக்க சாமான் பெட்டியைக் கழற்றினால் பின்னால் இருக்கும். சருகும் தூசியும் அடைத்திருந்தால் புதிது போடுங்கள்.

இதுவரை சொன்னதை நீங்களே செய்துகொள்ளலாம். இவ்வளவும் செய்த பிறகும் முன்சீட்டின் கீழே ஈரம் திரும்பத் திரும்ப வருகிறதென்றால் அந்த நீரைத் தொட்டு முகர்ந்து பாருங்கள்.

நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கும், அல்லது கண்ணாடி ரப்பரிலோ கதவு ரப்பரிலோ கசிவு இருக்கும். ஒருவர் வெளியே நின்று குழாயில் தண்ணீர் அடிக்க, மற்றவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்தால் கசியும் இடம் தெரிந்துவிடும். இது சின்ன வேலைதான்.

பிசுபிசுப்பும் இனிப்பான வாடையும் இருந்தால், கண்ணாடியில் துடைக்கத் துடைக்க எண்ணெய்ப் படலம் போல ஒன்று திரும்பி வந்தால், ஹீட்டர் கோர் (கூலன்ட் ஓடி வண்டிக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகுகிறது. கூலன்ட் டப்பாவில் அளவும் குறைந்திருக்கும். நிறைய மாடல்களில் டேஷ்போர்டையே கழற்ற வேண்டிய வேலை இது. நேராக ஒர்க்ஷாப் போங்கள். கூலன்ட் குறைந்த வண்டியில் மேட்டுப்பாளையம் இறங்கி மறுபடி ஏறலாம் என்று நினைக்க வேண்டாம், இன்ஜின் சூடேறி ஹெட் கேஸ்கட்டும் சேர்ந்து போய்விடும்.

### நீர் வெளிப்பக்கம் என்றால்

இது ஊட்டியைவிட கீழேதான் அதிகம். மேட்டுப்பாளையம் தாண்டி சமவெளியில் ஏசியை முழுக் குளிரில் வைத்து ஓட்டும்போது, மழை விட்ட இரவுகளில் சென்னையில் ஓட்டும்போது வரும். கண்ணாடி வெளிக்காற்றைவிடக் குளிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். வைப்பரைப் போடுங்கள், ஏசிக் குளிரைக் குறையுங்கள், காற்றைக் கண்ணாடிக்கு விடாமல் காலுக்கும் முகத்துக்கும் திருப்புங்கள். இதற்கு மெக்கானிக் தேவையே இல்லை.

### பின்கண்ணாடி மட்டும் தெளியவில்லை

பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய கம்பிக் கோடுகளைச் சூடாக்குவது டிஃபாகர். அதன் பட்டனைப் போட்டு ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எந்தக் கோடும் வேலை செய்யவில்லை என்றால் ஃபியூஸ், அப்புறம் ரிலே. ஒன்றிரண்டு கோடுகள் மட்டும் மங்கலாகவே நின்றால் அந்தக் கம்பிக் கோடு அறுந்திருக்கிறது. சாமான் உரசியோ ஸ்டிக்கரைச் சுரண்டியோ அறுந்திருக்கும். அதை ஒட்டவைக்க மின்சாரம் கடத்தும் பெயின்ட் கடையில் கிடைக்கும்.

## காலையில் கண்ணாடி முழுக்க வெள்ளையாக உறைந்திருக்கிறது

கொதிநீர் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு டிசம்பரிலும் இப்படி விரிசல் விட்ட கண்ணாடியைப் பார்க்கிறேன். கல் தெறித்த சின்னப் புள்ளி ஒன்று ஏற்கெனவே இருந்தால் அங்கிருந்து கோடு ஓடிவிடும்.

வண்டியை ஸ்டார்ட் செய்து, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, முதலில் குறைந்த சூட்டில் வையுங்கள். அதற்குள் பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றால் வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழியுங்கள். உலோகக் கரண்டி, பிளேடு எதுவும் கூடாது. அவசரம் என்றால் மருந்துக்கடை ஸ்பிரிட் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் அடியுங்கள். கொஞ்ச நேரத்தில் ஐஸ் இளகி வழியும். பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம்.

வைப்பர் ஒட்டியிருந்தால் சுவிட்சைப் போடாதீர்கள். மோட்டார் இழுத்து ஃபியூஸ் போகும், அல்லது ரப்பர் கிழியும். கையால் மெதுவாக விடுவித்த பிறகு போடுங்கள். கதவு ஒட்டியிருந்தால் பிடியைப் பிடித்து இழுக்காமல், முதலில் உள்ளங்கையால் கதவைச் சுற்றி அழுத்துங்கள். ரப்பரில் உறைந்த ஐஸ் உடைந்து விட்டுக்கொடுக்கும்.

மறுநாள் இந்த வேலையே வராமல் இருக்க ஓர் அட்டைப்பெட்டி போதும். அதைப் பிரித்து முன்கண்ணாடிமேல் போட்டு ஓரத்தை வைப்பரில் செருகிவிடுங்கள். மரத்தடியிலோ தாழ்வாரத்திலோ நிறுத்திய வண்டி உறைவது அரிது, திறந்தவெளியில் நிற்பதுதான் உறையும். ரேஸ்கோர்ஸ், காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் இன்னும் கடுமையாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும்.

எந்த இரவில் அட்டை போட வேண்டும்? மாலை ஏழு, எட்டு மணிக்கு வெளியே வந்து பாருங்கள். வானம் நட்சத்திரம் தெரியத் துடைத்துவிட்டது போல இருந்து, இலை அசையாமல் இருந்தால் போடுங்கள். மேகம் மூடியிருந்தாலோ காற்று வீசினாலோ நிம்மதியாகத் தூங்கலாம்.

## செல்ஃப் எடுக்கவில்லை

பூஜ்யம் டிகிரியில் சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியின் சக்தி ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். குளிரில் ஆயில் வேறு கெட்டியாக இருக்கும். கோயம்புத்தூரில் நன்றாக எடுத்த பேட்டரி இங்கே படுத்துக்கொள்வது இதனால்தான். அதை உடனே தூக்கிப்போட வேண்டாம்.

- பேட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், நெகட்டிவ் முனையை முதலில் கழற்றி, வெந்நீரும் பழைய பிரஷும் கொண்டு சுத்தம் செய்து, இறுக்கிப் போடுங்கள். பாதி வண்டிகள் இதிலேயே எடுத்துவிடும்.
- ஹெட்லைட், ஏசி, ஸ்டீரியோ எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கிளட்சை முழுக்க மிதித்து எடுங்கள். பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றவிடாதீர்கள், அரை நிமிடம் ஆறவிட்டு மறுபடி எடுங்கள்.
- டீசல் வண்டி என்றால் சாவியைத் திருப்பியதும் எரியும் மஞ்சள் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருங்கள். இரண்டு முறை அப்படிக் காத்தும் கரகரவென்று சுற்றி வெள்ளைப்புகை மட்டும் வந்தால் இன்ஜினுக்குள் முன்சூடு கொடுக்கும் க்ளோ பிளக் போயிருக்கலாம். மெக்கானிக் பார்க்க வேண்டும்.
- பழைய பெட்ரோல் வண்டி, ஸ்கூட்டர் என்றால் பிளக் ஒயர்களிலும் காயிலிலும் நீர்ப்பனி நிற்கிறதா என்று பார்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள்.
- மல்டிமீட்டர் இருந்தால் காலையில் எடுப்பதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் பேட்டரி நிறைவு. 12.2 என்றால் பாதிதான், சார்ஜ் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் கோளாறு, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் பக்கம். பேட்டரி மாற்றினாலும் பிரச்சினை போகாது, எலக்ட்ரீஷியனிடம் போங்கள்.

முழு சார்ஜ் போட்டும் மறுநாள் காலையில் இறங்கியிருக்கிறது, வாங்கி நாலு வருடமும் ஆகிறது என்றால் மட்டும் புது பேட்டரி.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டுகிறவர்கள் மலைக்கு வருவதற்கு முன் கூலன்ட் போட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் உறைந்தால் விரியும், இன்ஜின் பிளாக்கிலேயே விரிசல் விழலாம்.

## ஹெட்லைட்டுக்குள் ஆவி

லேசான படலம், விளக்கைப் போட்டு ஓட்டினால் மறைகிறது என்றால் அது கோளாறே அல்ல. விளக்கு காற்று வாங்க வேண்டும் என்றுதான் பின்னால் துளை வைத்திருக்கிறார்கள். துளித்துளியாக வழிந்து அடியில் தண்ணீர் தேங்கினால், பல்பு மாற்றியபோது பின் மூடியைச் சரியாகப் போட்டார்களா என்று பாருங்கள். ரப்பர் வளையம் கிழிந்திருந்தால் மாற்றுங்கள். முன் கண்ணாடியின் பசை விட்டிருந்தால் ஹெட்லைட்டைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும், கடையில் கொடுங்கள்.

## மலைப்பாதையில் எதிரே ஒன்றும் தெரியவில்லை

இதை வண்டியால் சரிசெய்ய முடியாது, ஓட்டும் விதத்தால்தான் முடியும். ஹைபீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும். லோபீமும் ஃபாக் லைட்டும் போதும். ஓடும்போது ஹசார்டு (நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்குவது) போடாதீர்கள், வளைவில் நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்பது பின்னால் வருகிறவருக்குத் தெரியாது. ஜன்னலை இறக்கிவிட்டு ஹாரனுக்குக் காது கொடுங்கள். முன்வண்டியின் சிவப்பு விளக்கை ஒட்டிக்கொண்டே போக வேண்டாம், அவர் வழி தவறினால் நீங்களும் தவறுவீர்கள்.

காத்திருப்பதா, போவதா என்று முடிவெடுக்க ஒரு வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தெளிந்த இரவுக்குப் பிறகு ஊட்டிப் பள்ளத்தில் காலையில் நிற்பது தரைப்பனி. வெயில் ஏறியதும் கரைந்துவிடும். ஒரு டீ குடித்துவிட்டு ஒன்பது மணிக்குக் கிளம்பினால் போதும். குன்னூர், கோத்தகிரி சரிவுகளில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வருவது மலையில் வந்து முட்டும் மேகம். அது மத்தியானம் ஆனாலும் விலகாமல் நிற்கும், சில நூறு மீட்டர் இறங்கினால் சட்டென்று தெளியும். சாலை ஓரக்கோடு கண்ணுக்குத் தெரியவில்லையென்றால் இரண்டில் எதுவானாலும் ஓட்டக்கூடாது. வளைவில் அல்லாமல் அகலமான இடத்தில், சாலையை விட்டு இறக்கி நிறுத்துங்கள். ஹசார்டு போட வேண்டியது அப்போதுதான்.

## மழையே இல்லை, கூரை சொட்டுகிறது

தகரக் கூரை வீடுகளில் ஜனவரி காலைகளில் இது சாதாரணம். இரவில் தகரம் நன்றாகக் குளிர்ந்து, வீட்டுக்குள்ளிருக்கும் ஈரம் அதன் அடிப்பக்கத்தில் கோக்கும், கடும் குளிரில் உறைந்தும் நிற்கும். எட்டு மணி வெயில் பட்டதும் மொத்தமும் ஒரே நேரத்தில் இளகி, சட்டங்களை ஒட்டி வரிசையாகச் சொட்டும். பார்க்கிறவர்கள் கூரை ஓட்டை என்றே முடிவு செய்துவிடுகிறார்கள்.

விடியற்காலையில் ஏணி போட்டு, தகரத்தின் அடிப்பக்கத்தைக் கையால் தடவுங்கள். முழுத் தகரமும் ஒரே மாதிரி நனைந்திருந்தால் அது பனி நீர். ஆணியைச் சுற்றியோ தகரங்கள் சேரும் இடத்திலோ மட்டும் கோடாக நனைந்திருந்தால்தான் ஒழுகல்.

பனி நீருக்குச் செலவில்லாத வைத்தியம் முதலில். சமைக்கும்போதும் வெந்நீரில் குளித்த பிறகும் ஜன்னலைத் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள். கூரை முகட்டுக்கு அடியில் இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுத் துளை வையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் தகரத்துக்கு அடியில் தெர்மோகோலோ வேறு காப்புப் பொருளோ வைத்து இடைவெளி இல்லாமல் சீலிங் அடிக்க வேண்டும். சொட்டும் நீர் ஒயரிங் மேலோ சுவிட்ச் போர்டு மேலோ படுகிறதென்றால் மெயினை அணைத்துவிட்டு அன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

### சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம்

உள்ளங்கை இரண்டளவு பிளாஸ்டிக் தாளை அந்தச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். தாளின் அறைப் பக்கம் நனைந்தால் ஈரம் காற்றிலிருந்து வருகிறது. பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள், அறையைத் தினமும் திறந்து விடுங்கள், பூஞ்சணத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவி உலரவிடுங்கள். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்தால் சுவருக்குள் கசிவு இருக்கிறது, கொத்தனாரைக் கூப்பிடுங்கள். ஈரம் நிற்காமல் பெயின்ட் அடித்தால் அடுத்த வருடமே உரிந்துவிடும்.

அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவராதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மலை ஊர்களில் குளிருக்காகக் கரி மூட்டிவிட்டுப் படுத்தவர்கள் இறந்திருக்கிறார்கள். தலைவலி, தலைசுற்றல் வந்தால் உடனே எல்லோரும் வெளியே வந்து 108ஐக் கூப்பிடுங்கள்.

## கேமராவும் மூக்குக்கண்ணாடியும் வெளுத்துவிடுகின்றன

குளிரிலிருந்து சூடான அறைக்குள் வந்தால் லென்ஸில் நீர் கோக்கும். உள்ளே வருவதற்கு முன்பே கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டுங்கள். நீர் பையின் வெளியே கோக்கும், கேமரா மெதுவாகச் சூடாகும். துடைக்கவோ லென்ஸைக் கழற்றவோ வேண்டாம். லென்ஸுக்குள்ளேயே படலம் ஒரு நாளுக்கு மேல் நின்றால் சர்வீஸுக்குக் கொடுங்கள்.

## செடி ஒரே இரவில் கருகிவிட்டது

இங்கே அவசரப்பட்டால் இழப்பு கூடும். முதலில் இது உறைபனியா நோயா என்று பிரித்துப் பாருங்கள். உறைபனி என்றால் ஒரே இரவில், திறந்தவெளியில், பள்ளமான பக்கத்தில், மேல் இலைகள் வெந்தது போலத் தொங்கிக் கறுக்கும். மரத்தடிச் செடி அப்படியே பச்சையாக இருக்கும். உருளைக்கிழங்கில் கருகல் நோய் என்றால் சில நாளாகப் பரவியிருக்கும். நீர்ப்பனியும் மூடுபனியும் இலையை நனைத்தே வைத்திருக்கும் நாட்களில் அது ஓடும். காலையில் இலையைத் திருப்பிப் பார்த்தால், கரும்பழுப்புப் புள்ளியின் ஓரத்தில் அடிப்பக்கம் வெள்ளையாகப் பூஞ்சணம் தெரியும். உறைபனிக்கு மருந்தடிப்பது வீண். நோய்க்கு மருந்தடிக்காமல் விட்டால் வயலே போய்விடும்.

உறைபனி என்றால், கருகிய கிளையை உடனே வெட்டாதீர்கள். அந்தக் காய்ந்த இலை அடுத்த இரவுப் பனியைத் தாங்கி உள்தளிரைக் காக்கும். பனிக்காலம் முடிந்து எதுவரை உயிர் இருக்கிறது என்று தெரிந்த பிறகு வெட்டுங்கள். நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை என்றால் தளிர்க்கும், பழுப்பு என்றால் அந்த இடம்வரை போய்விட்டது. தேயிலையும் இப்படித்தான், மேல்தளிர் செம்பழுப்பாகக் கருகினாலும் அடிக்கட்டை பிழைத்துக்கொள்ளும்.

அடுத்த இரவுக்குச் செய்ய வேண்டியது:

மதியத்துக்குள் மண்ணை நன்றாக நனையுங்கள். ஈரமண் பகல் சூட்டைச் சேமித்து இரவில் விடும், காய்ந்த மண் விடாது. சூரியன் இறங்குவதற்கு முன்பே செடியை மூடுங்கள். சாக்கு, பழைய பெட்ஷீட், தென்னங்கீற்று எதுவானாலும் சரி. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்ச்செடிகளை மிலார் எனப்படும் செடிகளால் மூடி வைப்பதைப் பனிக்காலத்தில் வந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். பிளாஸ்டிக் மட்டும்தான் இருக்கிறதென்றால் குச்சி நட்டு, இலையில் படாமல் போடுங்கள். பட்ட இடம் கருகும். வெயில் வந்ததும் மூடியை எடுத்துவிட வேண்டும்.

மூடாமல் விட்டு இலைமேல் வெள்ளை படிந்துவிட்டால், வெயில் படுவதற்கு முன்பே தண்ணீர் தெளிக்க ஆரம்பியுங்கள். ஆரம்பித்தால் ஐஸ் முழுக்கக் கரையும்வரை நிறுத்தக்கூடாது. பாதியில் நிறுத்தினால் நனைந்த இலை இன்னும் குளிர்ந்து சேதம் கூடும்.

தெர்மாமீட்டர் தலை உயரத்தில் 3 அல்லது 4 டிகிரி காட்டுகிறது, பயமில்லை என்று இருந்துவிட வேண்டாம். தெளிந்த இரவில் புல்மட்டம் அதற்கும் கீழே போய் உறைந்திருக்கும். மானியைச் செடி உயரத்தில் வையுங்கள். பள்ளத்தின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி இருந்தால் ஓரிடத்தில் திறந்துவிடுங்கள், தேங்கும் குளிர்காற்று வடிந்து போகட்டும். உருளைக்கிழங்கு, பீன்ஸ், தக்காளி, டேலியா ஆகியவற்றை மேட்டுப் பக்கமும், முட்டைக்கோஸ், கேரட், பூண்டு ஆகியவற்றைப் பள்ளத்திலும் போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம்.

நோயா பனியா என்று பிரிக்க முடியவில்லையென்றால் ஓர் இலையைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு தோட்டக்கலைத் துறை அலுவலகத்துக்கோ குன்னூரில் உள்ள உபாசி வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போங்கள். உருளைக்கிழங்கு என்றால் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. பயிர்ச்சேதத்தைப் பதிவு செய்ய நினைத்தால், ஒரு கிளைகூட வெட்டுவதற்கு முன்பு வயலை நாலு பக்கத்திலிருந்தும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.